பழைய அலுமினிய படகுல காஞ்ச சீலன்ட்ட எடுக்கும்போது என்ன சிக்கல் வருது, வந்தா என்ன பண்ணணும்

ரிவெட் (தகடுகள ஒன்னா இணைக்கிற ஆணி) அடிச்ச பழைய அலுமினிய படகு கைக்கு வந்ததும் கண்ணுல முதல்ல படறது உள்பக்கம் திட்டுத்திட்டா அப்பியிருக்கிற சீலன்ட்தான், அதாவது தண்ணி ஒழுகாம அடைக்கிற பசை. 1950, 60, 70-கள்ல வந்த படகுன்னா எப்படியும் மூணு நாலு பேர் கை மாறியிருக்கும், ஒவ்வொருத்தரும் தண்ணி ஒழுகுன அன்னைக்கு கையில எது கிடைச்சுதோ அத அப்பிட்டுப் போயிருப்பாங்க, ஒருத்தர் சிலிக்கான், ஒருத்தர் கூரைக்குப் போடுற தார், இன்னொருத்தர் ரெண்டு பொருள கலந்து பூசுற எபாக்ஸி பசை, ஒன்னு மேல ஒன்னா மூணு லேயர்கூட பாத்திருக்கேன். நானும் என் மச்சானும் சேர்ந்து இந்த மாதிரி ஒன்பது படகு சுரண்டியிருக்கோம், ஒவ்வொரு தடவையும் அதே ஏழெட்டு சிக்கல்தான் திரும்பத் திரும்ப வருது. அதனால அறிகுறி வாரியா எழுதறேன், உங்க படகுல எது நடக்குதோ நேரா அந்தத் தலைப்புக்குப் போயிடலாம். ஆனா அடுத்த பகுதிய மட்டும் தாண்டிப் போகாதீங்க.

கத்திய எடுக்கறதுக்கு முன்னாடி

பழைய சீலன்ட் எங்க இருக்கோ அங்க யாரோ ஒருத்தருக்கு ஒரு காலத்துல தண்ணி உள்ள வந்திருக்கு. லீக் எங்கன்னு சொல்ல உங்களுக்கு இருக்கிற ஒரே சாட்சி அதுதான். அத சுரண்டிப் போட்டுட்டா சாட்சியும் போச்சு. அதனால ஒவ்வொரு திட்டுக்கும் பக்கத்துல சாக்பீஸால ஒரு நம்பர் போடுங்க, உள்ளேயும் வெளியேயும் போட்டோ எடுங்க, ஒரு பேப்பர்ல படகோட வடிவம் வரைஞ்சு அதே நம்பரக் குறிச்சு வச்சுக்குங்க. அரைமணி நேரம்கூட ஆகாது. பென்சிலால மட்டும் அலுமினியத்துல எழுதாதீங்க, பென்சில் கிராஃபைட் ஈரம் பட்டா அந்த கோட்டு வழியாவே அலுமினியத்த அரிக்கும்.

ரெண்டாவது, பெயின்ட்டுக்கு அடியில மஞ்சளும் பச்சையும் கலந்த மாதிரி ஒரு பிரைமர் தெரிஞ்சா அங்கயே நிறுத்துங்க. அது ஜிங்க் குரோமேட்டா இருக்க வாய்ப்பு அதிகம், பழைய அலுமினியத்துல அதுதான் வழக்கம், அதுல இருக்கிற குரோமியம் புற்றுநோய் வரவைக்கிற வகை. மேல இருக்கிற பழைய பெயின்ட்ல ஈயமும் இருக்கலாம். உலர்ந்த நிலையில உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது, கிரைண்டர் போடவே கூடாது. தண்ணி தெளிச்சு ஈரமாவே சுரண்டுங்க, தூசிக்கான கார்ட்ரிட்ஜ் வச்ச மாஸ்க் போடுங்க, வர்ற கழிவ தனிப் பையில கட்டி வச்சு அபாயக் கழிவு வாங்கற இடத்துல குடுங்க. சாதாரண துணி மாஸ்க் இதுக்குப் போதாது.

மூணாவது, ரெண்டு தகடு ஒன்னு மேல ஒன்னு ஏறி உக்காந்திருக்கிற மூட்டுக்குள்ள ஃபேக்டரியில வச்ச சீலன்ட்டோ டேப்போ இருக்கும். அது நம்ம எடுக்க வேண்டிய சீலன்ட் இல்ல. மூட்டுக்குள்ள கத்திய விட்டு நோண்டி அத வெளிய இழுத்தீங்கன்னா ரிவெட்ட கழட்டாம திரும்ப உள்ள வைக்க முடியாது. வெளிய பிதுங்கி நிக்கிறத மட்டும் வெட்டி எடுங்க.

அறிகுறி: என்ன பொருள்னே தெரியல

பாதி வேலை கெட்டுப் போறது இங்கதான். சிலிக்கானுக்கு ஹீட் கன் (சூடான காத்து ஊதற கருவி) பிடிச்சு பிரயோஜனமில்ல, தாருக்கு ஹீட் கன் பிடிச்சா நிலைமை இன்னும் மோசமாகும், ரப்பர் மாதிரி கெட்டியா ஒட்டற பாலியூரிதேனுக்கு மினரல் ஸ்பிரிட் (பெயின்ட்ல கலக்கற ஒரு வகை தின்னர்) ஊத்தினா ஒன்னும் ஆகாது. அதனால முதல்ல நகத்தால அழுத்திப் பாருங்க.

நகம் பதியவே இல்ல, தட்டினா டக் டக்னு சத்தம் வருதுன்னா எபாக்ஸி. அழுத்தினா பள்ளம் விழுந்து அப்படியே நிக்குது, இழுத்தா சூயிங்கம் மாதிரி நூலா நீளுதுன்னா பியூட்டைல், காயாம பிசுபிசுன்னே இருக்கிற ரப்பர் பசை. அழுத்தினா உள்ள போய் திரும்பி வருதுன்னா அது ரப்பர் வகை, சிலிக்கான், பாலியூரிதேன், பாலிசல்ஃபைடு மூணுல ஒன்னு.

கறுப்பா இருந்தா ஒரு வெள்ளைத் துணியில மினரல் ஸ்பிரிட் தொட்டுத் தேய்ங்க. துணியில காப்பி கலர்ல கறை ஏறினா தார், ஏறலன்னா கறுப்பு பாலியூரிதேனா இருக்கலாம்.

ரப்பர் வகைக்குள்ள பிரிக்கணும்னா ஒரு பட்டாணி அளவு துண்ட வெட்டி எடுத்துக்கிட்டு வெளிய காத்தோட்டமான இடத்துக்குப் போங்க, பக்கத்துல தின்னர் அசிட்டோன் எதுவும் இருக்கக் கூடாது, குறடால பிடிச்சு லைட்டர் காட்டுங்க. எரிஞ்சு வெள்ளைச் சாம்பல் பவுடரா நின்னா சிலிக்கான். கரும்புகையோட உருகி கறுப்பா கருகினா பாலியூரிதேன். கந்தக வாடை, அழுகின முட்டை மாதிரி அடிச்சா பாலிசல்ஃபைடு. புகைய மூக்குக்கிட்ட கொண்டு போகாதீங்க, காத்து உங்க முதுகுப்பக்கம் இருந்து வர்ற மாதிரி நில்லுங்க, வாடை தானா தெரியும். படகு மேலயே வச்சு எரிச்சுப் பாக்கற வேலை வேண்டாம்.

ஒரு திட்டுல ஒன்னு, பக்கத்துத் திட்டுல வேற ஒன்னு இருக்கறது சகஜம், அதனால ஒவ்வொரு நம்பருக்கும் தனியா பாத்து பேப்பர்ல எழுதிக்குங்க.

அறிகுறி: ரப்பர் மாதிரி இழுபடுது, ஆனா துண்டு துண்டா அறுந்து வருது

இது சிலிக்கான். எடுக்கறது ஈசி, எடுத்தபிறகு மிஞ்சுற கண்ணுக்குத் தெரியாத படலம்தான் பிரச்சனை.

முதல்ல பாக்க வேண்டியது நீங்க இழுக்கிற கோணம். நேரா மேல தூக்கினா அறுந்துடும். திட்டோட ரெண்டு ஓரத்துலயும் பிளேடால கீறி விட்டுட்டு, ஒரு முனையத் தூக்கி, தகட்டோட ஒட்டினாப்ல பின்பக்கமா மடக்கி மெதுவா இழுங்க, நீளமா வரும். வராத இடத்துக்கு பிளாஸ்டிக் ரேஸர் பிளேடு போடுங்க, அது மழுங்கும், மழுங்கட்டும், புதுசு மாத்திக்கிட்டே இருங்க.

அதுக்கும் மிஞ்சினது இருந்தா கடையில கிடைக்கிற சிலிக்கான் ரிமூவர் ஜெல். அலுமினியத்துல போடலாம்னு டப்பாவுல எழுதியிருக்கான்னு பாருங்க, எழுதியிருந்தாலும் சீட்டுக்கு அடியில ஒரு மூலையில தடவி டெஸ்ட் பண்ணிட்டு அப்புறம் போடுங்க, சிலது ஆசிட் கலந்தது, தகட்ட மங்க வச்சிடும்.

உப்புத்தாள் மட்டும் போடாதீங்க. சிலிக்கான் இருக்கிற இடத்துல தேய்ச்சா அது போகாது, தேய்ச்ச கீறலுக்குள்ளயெல்லாம் பரவி உக்காந்துக்கும். எங்க மூணாவது படகுல இத பண்ணிட்டு, ஒரு கையகல இடத்துல இருந்தத ஒரு முழ அகலத்துக்கு பரப்பி வச்சு, அந்த ஒரு மூலைக்கு மட்டும் ரெண்டு நாள் போச்சு.

அறிகுறி: எல்லாம் எடுத்தாச்சு, ஆனா தண்ணி ஊத்தினா முத்து முத்தா நிக்குது

மேல சொன்ன படலம் போகல. சுத்தமான அலுமினியத்துல தண்ணி ஊத்தினா ஒரே விரிப்பா பரவி வழியும். முத்து கட்டினாலோ, நடுவுல ஒரு இடம் மட்டும் ஈரமாகாம விலகினாலோ அங்க சிலிக்கானோ எண்ணெயோ இருக்கு, அது மேல எந்தப் புது சீலன்ட்டும் பிடிக்காது, பெயின்ட் அடிச்சா மீன்கண் மாதிரி வட்டம் வட்டமா விலகும்.

முதல்ல சோப்புத் தண்ணி போட்டு நைலான் பிரஷ்ஷால தேய்ச்சுக் கழுவுங்க, வெறும் எண்ணெய்ப் பிசுக்கா இருந்தா அதுலயே போயிடும். போகலன்னா மினரல் ஸ்பிரிட் தொட்ட துணியால ஒரு துடைப்பு, அது காயறதுக்குள்ள சுத்தமான காஞ்ச துணியால இன்னொரு துடைப்பு. துணிய ஒவ்வொரு துடைப்புக்கும் மடிச்சு புதுப் பக்கத்துக்கு மாத்துங்க, ஒரே பக்கத்த வச்சுத் தேய்ச்சா இங்க இருந்து எடுத்து அங்க பூசுற வேலைதான் நடக்கும். கடைசியா ஐசோபுரோபைல் ஆல்கஹால். திரும்ப தண்ணி ஊத்திப் பாருங்க. மூணு நாலு சுத்து வரைக்கும் போகும், பொறுமையா பண்ணுங்க. அதுக்கும் அசையலன்னா சிலிக்கான் ரிமூவர் ஜெல்லுக்கே திரும்பப் போய் இன்னொரு தடவை போடுங்க.

அறிகுறி: கத்தி போட்டா சீலன்ட் அசையல, அலுமினியம்தான் கீறுது

பாலியூரிதேன். த்ரீஎம் 5200, சிக்காஃப்ளெக்ஸ் மாதிரி ஐட்டம். படகு இருக்கிற வரைக்கும் விடக் கூடாதுன்னே செஞ்சது, அதனால கோவப்பட்டு இரும்பு உளியும் சுத்தியலும் எடுக்காதீங்க, இந்தப் படகுகளோட தகடு பெரும்பாலும் ஒன்றரையிலிருந்து ரெண்டு மில்லி மீட்டர்தான், ஒரு ஆழமான கீறல் விழுந்தா தகட்டுல கணிசமான பங்கு போயிடும், பிற்காலத்துல விரிசல் ஆரம்பிக்கறதும் அந்த இடத்துலதான்.

செலவில்லாத வழி முதல்ல. மேடா நிக்கிற பாகத்த மட்டும் கூர்மையான கத்தியால கிடைமட்டமா சீவி எடுங்க, தகடு வரைக்கும் போக ஆசைப்படாதீங்க, ஒரு மில்லி மீட்டர் விட்டுடுங்க. ஏதாவது பிராக்கெட்டோ கயிறு கட்டற கிளீட்டோ இந்த சீலன்ட்ல ஒட்டியிருந்தா அதுக்கு அடியில தூண்டில் நரம்ப விட்டு ரம்பம் அறுக்கற மாதிரி ரெண்டு கையாலயும் மாத்தி மாத்தி இழுங்க, வந்துடும்.

அடுத்தது சூடு. பாலியூரிதேன் 80, 90 டிகிரி செல்சியஸ் தாண்டும்போது பலம் குறைஞ்சு சீஸ் மாதிரி ஆகும். ஹீட் கன்ன ஒரே இடத்துல நிறுத்தாம ஆட்டிக்கிட்டே ஒரு பத்து பதினஞ்சு செகண்ட் காட்டி, உடனே பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரால தள்ளுங்க, அலுமினியம் சூட்ட சட்டுன்னு சுத்தி பரப்பிடும், அதனால உள்ளங்கை அகலம் உள்ளங்கை அகலமா முடிச்சுக்கிட்டே போங்க.

சூடு எவ்வளவுங்கறதுதான் இங்க உயிர்நாடி. அலுமினியம் இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்கை குடுக்காது. 660 டிகிரியில உருகற உலோகம், உருகற வரைக்கும் கலர் மாறாது, அதுக்கு ரொம்ப முன்னாடியே, 150, 200 டிகிரி வாக்குலயே தகட்டோட விறைப்பு குறைய ஆரம்பிச்சிடும். அதனால கேஸ் டார்ச் எடுக்கவே எடுக்காதீங்க, 100 டிகிரிய தாண்ட விடாதீங்க. லேசர் பாயின்ட் வச்ச தெர்மாமீட்டர நேரா பளபளப்பான தகட்டுல காட்டினா தப்பா குறைச்சுக் காட்டும், ஒரு துண்டு மாஸ்கிங் டேப்ப ஒட்டி அது மேல காட்டுங்க. அந்த மீட்டரே இல்லன்னா விரல்ல தண்ணி தொட்டு ஒரு சொட்டு தெளிங்க, சுர்ருன்னு கொதிச்சா சூடு ஜாஸ்தி, கன்ன தள்ளி வைங்க.

சீட்டுக்கு அடியில மிதக்கறதுக்காக அடைச்சிருக்கிற ஃபோம் இருக்கும், அதுக்கு மறுபக்கத்துல ஹீட் கன் காட்டாதீங்க. ஃபோம் தீப்பிடிச்சா புகை விஷம். ஃபோம வெளிய எடுத்துட்டு வேலை பாருங்க, முடியலன்னா அந்த இடத்துல சூட்டு வழிய விட்டுடுங்க.

சூட்டுக்கும் மசியலன்னா பாலியூரிதேனுக்குன்னே விக்கிற டீபான்டர், அதாவது ஒட்டு விட வைக்கிற ஸ்பிரே இருக்கு. ஓரத்த கத்தியால கொஞ்சம் திறந்து விட்டு அதுக்குள்ள அடிச்சு, டப்பாவுல சொன்ன நேரம் காத்திருந்து, திரும்ப அடிச்சு, அப்படியே உள்ள உள்ள போகணும். மேல தெளிச்சுட்டு காத்திருந்தா எதுவும் நடக்காது. ஹீட் கன்னும் இந்த ஸ்பிரேயும் அசிட்டோனும் ஒரே நேரத்துல ஒரே இடத்துல இருக்கக் கூடாது, அசிட்டோனோட ஆவி சாதாரண குளிர்லயே பத்திக்கும்.

அடிச்சுச் சுரண்டற வேலை நிறைய இருந்தா ஆசிலேட்டிங் மல்டி டூல்ல (பிளேடு பக்கவாட்டுல அதிர்ற மெஷின்) பல்லில்லாத தட்டை ஸ்க்ரேப்பர் பிளேடு போட்டு, ரொம்ப படுக்க வச்சு ஓட்டலாம், நல்லா வேலை செய்யுது. கிரைண்டர்ல வயர் வீல் போடற யோசனை வந்தா ரிவெட் தலைய நினைச்சுக்குங்க. தலை தேஞ்சு மெலிஞ்சா அந்த ரிவெட் இனி தகட்டப் பிடிக்காது.

அறிகுறி: தொட்டா கையில ஒட்டுது, சுரண்டினா பரவிக்கிட்டே போகுது

தாரோ பியூட்டைலோதான். ரெண்டுக்கும் சூடு எதிரி, குளிர்தான் துணை.

விடியக்காலையில, தகடு குளுந்து இருக்கும்போது ஆரம்பிங்க. ஐஸ் கட்டிய பிளாஸ்டிக் பையில போட்டு திட்டு மேல பத்து நிமிஷம் வச்சா தார் இறுகி உடையற பதத்துக்கு வரும், அப்ப மர ஸ்க்ரேப்பரால தட்டினா சில்லு சில்லா தெறிக்கும். கண்ணாடி போட்டுக்குங்க. மிஞ்சின கறைக்கு மினரல் ஸ்பிரிட்டோ மண்ணெண்ணெயோ நனைச்ச துணிய அது மேலயே விரிச்சு, காஞ்சு போகாம மேல பிளாஸ்டிக் ஷீட் போட்டு, கால்மணி நேரம் விட்டுட்டு துடைங்க, ஓரத்துல இருந்து நடுவுக்கு துடைங்க, நடுவுல இருந்து வெளிய தள்ளாதீங்க. கடைசில சோப்புத் தண்ணி.

பியூட்டைலுக்கு இன்னும் எளிமையான வழி இருக்கு. எடுத்த பியூட்டைலையே உருண்டையா உருட்டி, மிஞ்சினது மேல ஒத்தி ஒத்தி எடுங்க, தன்னோட தான் ஒட்டிக்கிட்டு வந்துடும். நைஸா மிஞ்சறதுக்கு மட்டும் மினரல் ஸ்பிரிட்.

நனைஞ்ச துணிகள குவியலா போட்டு வைக்காதீங்க, வெளிய விரிச்சு காய விட்டு, மூடி போட்ட தகர டப்பாவுல போடுங்க.

அறிகுறி: கல்லு மாதிரி இருக்கு, ரிவெட் தலைய மூடி வழிச்சு விட்டிருக்கு

எபாக்ஸி. இதுல என் முடிவு தெளிவு: கெட்டியா பிடிச்சிருக்கு, ஓரம் தூக்கல, அடியில தண்ணி போகல, அந்த இடம் ஒழுகலன்னா தொடாதீங்க. எல்லாத்தையும் எடுத்து தகடு பளபளன்னு தெரிஞ்சாதான் திருப்தின்னு சில பேர் நினைக்கறாங்க, அந்த ஆசையில நல்லா இருந்த ரிவெட்டையும் கெடுத்துடுவாங்க.

எடுத்தே ஆகணும்னா, ஓரத்துல நகம் போட்டு தூக்கற மாதிரி இருக்கான்னு பாருங்க, பழைய எபாக்ஸி அடியில சுத்தம் பண்ணாம பூசினதா இருந்தா பிளாஸ்டிக் ஆப்பு வச்சு தட்டினாலே ஓடு மாதிரி கழண்டு வரும். வரலன்னா அதே ஹீட் கன், சாதாரணமா கலந்து பூசுற எபாக்ஸி 60லிருந்து 100 டிகிரிக்குள்ள இளகும், அதே எச்சரிக்கையெல்லாம் இங்கயும் பொருந்தும். உலோகப் பொடி கலந்த எபாக்ஸி இதுக்கு மசியாது. அப்ப ரிவெட்டோட சேர்த்தே துளைச்சு எடுத்து புது ரிவெட் போடறதுதான் வழி.

அறிகுறி: ரிமூவர் போட்டதும் நுரை வருது, இல்ல தகடு கறுத்துப் போச்சு

உடனே தண்ணி, நிறைய தண்ணி, குழாய வச்சு பத்து நிமிஷம். காரணத்த அப்புறம் பாக்கலாம்.

நீங்க போட்டது காஸ்டிக் சோடா கலந்த பெயின்ட் ரிமூவரோ அடுப்பு கிளீனரோவா இருக்கும். காஸ்டிக் அலுமினியத்த கரைக்கும், கரைக்கும்போது ஹைட்ரஜன் வரும், அது பத்திக்கிற வாயு, அதனால நுரை வந்த இடத்துல தீப்பொறி எதுவும் கூடாது. மியூரியாட்டிக் ஆசிடும் (ஹைட்ரோகுளோரிக் ஆசிட்) இதே கதைதான். ஒன்ன சரி பண்ண இன்னொன்ன ஊத்தாதீங்க, தண்ணி மட்டும்தான்.

கறுப்பு மட்டும் மிஞ்சினா அது கரையாம நின்ன கலப்பு உலோகப் பொடி, நைலான் பேடால தேய்ச்சா பாதிக்கு மேல போகும், மீதிக்கு அலுமினியத்துக்குன்னு விக்கிற பாஸ்பாரிக் ஆசிட் கிளீனர சொன்ன அளவுல கலந்து போட்டு கழுவிடலாம். தகடு சொரசொரன்னு மெலிஞ்ச மாதிரி தெரிஞ்சா அடுத்த தலைப்பப் பாருங்க. காஸ்டிக் மூட்டுக்குள்ள போயிருந்தாலும் நிறைய தண்ணி விட்டுக்கிட்டே இருக்கணும், உள்ள தங்கினா வாரக்கணக்குல அரிச்சுக்கிட்டே இருக்கும்.

அறிகுறி: சீலன்ட்டுக்கு அடியில வெள்ளைப் பவுடர், குழி குழியா அரிச்சிருக்கு

ஓரம் தூக்கின சீலன்ட்டுக்கு அடியில தண்ணி புகுந்து வெளிய வர வழியில்லாம வருஷக்கணக்கா நின்னிருக்கு. உப்புத் தண்ணியில ஓடின படகுன்னா இது இல்லாம இருக்கவே இருக்காது.

முதல்ல நைலான் பிரஷ்ஷும் தண்ணியும். அடுத்து புது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரஷ், அலுமினியத்துக்கு மட்டும்னு ஒதுக்கி வச்சது. சாதாரண இரும்பு பிரஷ், ஸ்டீல் வுல், பித்தளை பிரஷ் மூணும் வேண்டாம், அதோட துகள் தகட்டுல பதிஞ்சு, ஈரம் பட்டதும் அங்கேயே புதுசா அரிப்பு ஆரம்பிக்கும்.

பவுடர் போனதும் குழி எவ்வளவு ஆழம்னு பாக்கணும். மரக்குச்சிய சீவி கூர்மையாக்கி குழிக்குள்ள அழுத்துங்க, உள்ள போனா தகடு முடிஞ்சுபோச்சு. அப்புறம் இருட்டினதும் படகுக்குள்ள பிரகாசமான லைட்ட வச்சு வெளிய இருந்து பாருங்க, ஊசி முனை ஓட்டைகூட நட்சத்திரம் மாதிரி தெரியும், சாக்பீஸால வட்டம் போட்டு வைங்க.

மேலோட்டமான குழின்னா சுத்தம் பண்ணி, கழுவி, காய வச்சு, பிரைமரோ எபாக்ஸியோ போட்டு மூடிடலாம். அங்கங்க ஒரு ஓட்டைன்னா ஒரே வகை அலுமினியத்துல ஒட்டுத் தகடு, சீலன்ட் வச்சு ரிவெட். ஒரு உள்ளங்கை இடத்துல அஞ்சாறு குழி, எல்லாம் தகட்டோட பாதி கனத்தத் தாண்டிப் போயிருக்குன்னா, இல்ல கீல் (படகோட அடியில நீளவாக்குல ஓடற முதுகெலும்பு) ஓரத்துலயோ மோட்டார் மாட்டற பின்பலகை மூட்டுலயோ இருக்குன்னா, நீங்க நிறுத்திட்டு அலுமினிய தகடு வேலை தெரிஞ்ச ஆளக் கூப்பிடுங்க. அவங்ககிட்ட அல்ட்ராசோனிக் மீட்டர் இருந்தா உள்ள எவ்வளவு கனம் மிச்சம்னு அளந்து சொல்லிடுவாங்க.

அரிப்பு பின்பலகைகிட்ட மட்டும் ஜாஸ்தியா இருந்தா அங்க இருக்கிற மரத்தப் பாருங்க. பூச்சி அரிக்காம இருக்க செம்பு மருந்து ஏத்தின பலகைய யாராவது மாத்திப் போட்டிருந்தா அந்த மரம் நனையும்போதெல்லாம் அலுமினியத்த தின்னும். மரத்த மாத்தாம சீலன்ட்ட மட்டும் எடுத்து புதுசு போட்டா அடுத்த ரெண்டு மூணு வருஷத்துல அதே இடத்துல நிப்பீங்க.

அறிகுறி: இடம் ரொம்ப பெருசு, கையால முடியாது போல

காத்தழுத்தத்துல மணல அடிச்சு சுரண்டற சாண்ட் பிளாஸ்ட் பண்ணலாமான்னு தோணும். மணலோ ஸ்டீல் துகளோ இந்த கனத்துல தகட்ட வளைச்சு நெளிச்சிடும். சமையல் சோடா துகளோ பிளாஸ்டிக் துகளோ வச்சு, குறைஞ்ச பிரஷர்ல பண்ணத் தெரிஞ்ச தொழில்காரர்கிட்ட மட்டும் குடுங்க, மெலிசான அலுமினியத்துல முன்னாடி பண்ணியிருக்கீங்களான்னு கேட்டுட்டு குடுங்க. ரப்பர் மாதிரி இருக்கிற சீலன்ட் பிளாஸ்ட்டிங்குக்கு போகாது, துகள் பட்டு எகிறிடும், அதனால கெட்டித் திட்டுகள முன்னாடியே கையால எடுத்துடணும். சோடா போட்டா மூட்டுக்குள்ள தங்கினத தண்ணி விட்டு நல்லா கழுவலன்னா பெயின்ட் பிடிக்காது.

அறிகுறி: சீலன்ட் எடுத்ததுக்கு அப்புறம் முன்னாடியவிட ஜாஸ்தியா ஒழுகுது

இத கேட்டு பயப்படாதீங்க, வேலை சரியான பாதையில போகுதுன்னுதான் அர்த்தம். பழைய சீலன்ட் மறைச்சு வச்சிருந்தது இப்ப வெளிய வந்திருக்கு.

புது சீலன்ட் போடறதுக்கு முன்னாடி தண்ணி டெஸ்ட், அதாவது படகுக்குள்ள தண்ணி ஊத்தி எங்க சொட்டுதுன்னு வெளிய இருந்து பாக்கறது. படகு ட்ரெய்லர்லயோ கட்டைகள் மேலயோ அடிப்பக்கம் முழுக்க தாங்கினாப்ல உக்காந்திருக்கணும், ரெண்டு முனையில மட்டும் தூக்கி வச்சு தண்ணி ஊத்தினா கீல் வளைஞ்சிடும். ஒரு சதுர மீட்டர்ல பத்து சென்டிமீட்டர் தண்ணி நூறு கிலோ, அதனால படகு தண்ணியில எவ்வளவு ஆழம் இறங்குமோ அதுக்கு மேல ஊத்தவே ஊத்தாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. முதல்ல ட்ரெயின் பிளக் (உள்ள தேங்கின தண்ணிய வெளிய விடற ஓட்டையோட மூடி) ஒழுகுதான்னு பாருங்க, ரொம்ப பேர் ரிவெட்ட குறை சொல்லிட்டு கடைசில பிளக்கோட ரப்பர்தான் போயிருந்திச்சுன்னு கண்டுபிடிப்பாங்க. அப்புறம் கீழ இருந்து பாத்து சொட்டு வர்ற இடத்துலயெல்லாம் வட்டம் போடுங்க, தண்ணி தகட்டோட ஓடி வேற இடத்துல சொட்டும், அதனால சொட்டற இடத்த விட்டுட்டு ஈரம் ஆரம்பிக்கிற மேல் முனையத் தேடுங்க. இந்த வட்டங்களையும் முதல்ல போட்ட நம்பரையும் ஒத்துப் பாருங்க. ரெண்டும் பொருந்துற இடம் பழைய நோய், பொருந்தாத இடம் புதுசு, அல்லது நீங்க சுரண்டும்போது மூட்டத் திறந்துட்டீங்க.

ரிவெட் ஓரத்துல இருந்து வருதா

ரிவெட்ட சுத்தி கறுப்பா ஒரு வளையமோ வாலோ இருந்தா அந்த ரிவெட் உள்ள ஆடிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், அந்தக் கறுப்பு ரெண்டு உலோகம் உரசின தூசி. விரல் வச்சுக்கிட்டு மறுபக்கம் இன்னொருத்தர் தட்டினா ஆட்டம் தெரியும். அத திரும்ப இறுக்கலாம். ஒருத்தர் ஒரு பக்கம் கனமான இரும்புக் கட்டைய ரிவெட்டோட அடிப்பக்கத்துல அழுத்திப் பிடிக்கணும், இன்னொருத்தர் தலைப்பக்கத்துல சின்னச் சுத்தியால ரெண்டு மூணு தட்டு, ஓங்கி அடிக்க வேண்டாம். ரெண்டு பேர் இல்லாம இது ஆகாது.

இறுக்கியும் ஒழுகினா துளைச்சு எடுத்து கெட்டி ரிவெட் போடுங்க, உள்பக்கம் கை போகாத இடத்துக்கு முனை மூடின பாப் ரிவெட், அது ஒரு பக்கம் இருந்தே இழுத்து மாட்டற வகை. சாதாரண பாப் ரிவெட்டுக்கு நடுவுல ஓட்டை இருக்கும், அது வழியாவே தண்ணி வரும். ரிவெட் அலுமினியமாத்தான் இருக்கணும்.

ஒன்னு ரெண்டுன்னா நீங்களே பண்ணலாம். வரிசையா எட்டு பத்து ஆடுது, இல்ல கீல் முழுக்க ஆடுதுன்னா தொழில்காரர்.

மூட்டுல இருந்து வருதா

ரிவெட் எல்லாம் இறுக்கமா இருந்து மூட்டு மட்டும் வேர்க்குதுன்னா, மூட்ட சுத்தம் பண்ணி, நல்லா காய வச்சு, உள்பக்கம் இருந்து அலுமினியத்துக்கு ஏத்த படகு சீலன்ட்ட மெல்லிசா ஒரு வரி இழுத்தா போதும். கடைசியா ஸ்டெயின்லெஸ் பிரஷ் போட்டுத் துடைச்ச அன்னைக்கே சீலன்ட் போட்டுடுங்க, அடுத்த வாரம்னு விட்டா திரும்ப சுத்தம் பண்ணணும். சிலிக்கான மட்டும் திரும்ப அந்த இடத்துக்கு கொண்டு வராதீங்க, அடுத்து இந்தப் படகுல கை வைக்கிறவங்களுக்கு அது பெரிய உபத்திரவம்.

தகட்டுல கோடு மாதிரி விரிசல் தெரியுதா

ரிப் (தகடு விறைப்பா நிக்க உள்ள வச்சிருக்கிற சட்டம்) முடியற இடத்துலயும் சீட்டு மூலையிலயும் தேடுங்க, பெரும்பாலும் அங்கதான். விரிசலோட ரெண்டு முனையும் எங்கன்னு லென்ஸ் வச்சு கண்டுபிடிச்சு, சரியா அந்த முனையில 3 மில்லி மீட்டர் துளை போட்டா மேற்கொண்டு ஓடாது. அது தற்காலிகம்தான். அதுக்கு மேல ஒட்டுத் தகடோ வெல்டிங்கோ பண்றது அலுமினியத்துல டிக் (TIG) வெல்டிங் தெரிஞ்சவர் வேலை, சீலன்ட் போட்டு மூடிட்டு தண்ணியில இறக்காதீங்க.

வெல்டரக் கூப்பிடறதுக்கு முன்னாடி விரிசல சுத்தி ரெண்டு பக்கமும் அஞ்சு சென்டிமீட்டருக்கு குறையாம சீலன்ட், பெயின்ட் எல்லாத்தையும் எடுத்துக் குடுங்க, மிஞ்சினது எரிஞ்சு வெல்டுக்குள்ள குமிழ் குமிழா நின்னுடும், அந்தப் புகையும் அவர் மூச்சுக்குள்ளதான் போகும். அங்க இருந்தது சிலிக்கானா பாலியூரிதேனா, அடியில மஞ்சப்பச்சை பிரைமர் இருந்துதா, மறுபக்கம் ஃபோம் இருக்கான்னு அவருக்கு தெரிஞ்சே ஆகணும், சாக்பீஸ் நம்பரோட எடுத்த போட்டோவையும் அந்தப் பேப்பரையும் முதல்லயே அவர் கையில குடுத்துடுங்க.